பத்திலிருந்து பதினைந்து வரை

கண்ணாடிக்காரர் அந்த ஆட்டத்துக்குப் போக ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், அங்கே வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று அவர் நினைத்ததுதான். டிவியில் பார்த்திருக்கிறார். பச்சைத் துணி விரித்த மேசை, மேலே விளக்கு, ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர், சுற்றிலும் இருமக்கூட யோசிக்கிற ஜனம். 'இதுதான்டா நமக்கு ஏத்த ஆட்டம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. மனுஷன் தானாகவே போய்ப் பொறிக்குள் தலையை விட்டார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக்காரர் இல்லை. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, மேசைக்கு மேல் போடுகிற கண்ணாடி, இதெல்லாம் கேட்ட அளவுக்கு அறுத்துக் கொடுக்கிற கடை. உள்ளே நின்று அறுப்பவர் இவர். முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயடிப்பது இவருடைய மச்சான். அப்படிப் பிரித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இவருக்கு வாய் திக்கும்.

எல்லா எழுத்துக்கும் இல்லை. ஒரே ஒரு எழுத்து, ப. அதில் தொடங்குகிற சொல் வந்தால் போதும், உதடு இரண்டும் கோந்து தடவியதுபோல ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும், மூச்சு உள்ளேயே கிடந்து தவிக்கும். அந்த எழுத்தை விட்டுவிட்டு நீங்கள் ஒரு நாள் தமிழ் பேசிப் பாருங்கள், தெரியும் சேதி. பால் கேட்க முடியாது. பஸ் எப்போது வரும் என்று விசாரிக்க முடியாது. யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் 'பரவாயில்லை' என்று பெருந்தன்மை காட்டக்கூட வழியில்லை. பேச்சு என்ற சொல்லே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது, கொடுமையைப் பாருங்கள்!

ஆனால் ஆள் கெட்டிக்காரர். 'பார்க்கலாம்' வருகிற இடத்தில் 'யோசிக்கலாம்' என்பார். 'போயிட்டு வரேன்' என்பதற்குக் 'கிளம்பறேன்'. மனைவியின் பெயருக்கே முதல் எழுத்து அதுதான் என்பதால் கல்யாணமான நாளிலிருந்து 'இந்தாம்மா'தான். அந்தம்மா ரொம்ப நாள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வெளியாட்களுக்கு அவர் அதிகம் பேசாத மனிதர், அவ்வளவுதான். சொல்லப்போனால் அது அவருக்கு நல்ல பெயராகவே இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி, மகள் தன்னோடு வேலை பார்க்கிற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னபோதுதான் தடுமாற ஆரம்பித்தது. பையன் தங்கமான பையன். சிக்கல் பையனுடைய அப்பா. அவர் ஏலக்காரர். பழைய மரச்சாமான், மூடிப்போன கடைகளின் சரக்கு, பெரிய வீடுகளைக் காலி பண்ணும்போது வருகிற பீரோ, கடிகாரம், பியானோ எல்லாவற்றையும் கூவி விற்கிறவர். நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாய் ஓயாது. பார்த்த முதல் நாளே 'சம்பந்தி, சம்பந்தி' என்று தோளில் கை போட்டுவிட்டார்.

அந்த முதல் நாள் இரண்டு குடும்பமும் ஓட்டலில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஏலக்காரர் தொழில் கதைகளை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கதை இது.

"தேக்கு பீரோ ஒண்ணு ஏலத்துக்கு வந்துச்சு சம்பந்தி. ஓரமா ஒருத்தர் கையத் தூக்கிட்டாரு. என்ன கேக்கறீங்கன்னேன். ப... ப... ப..." ஏலக்காரர் உதட்டைக் குவித்து, கண்ணைப் பிதுக்கி, கழுத்தை முன்னால் நீட்டிக் காட்டினார். "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! சுத்தியல் விழுந்துடுச்சு, பீரோ கைமாறிடுச்சு, வண்டியில ஏத்தியும் ஆச்சு. மனுஷன் இன்னும் ப-விலயே நிக்கறாரு!"

மேசையே குலுங்கியது. பையனின் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடிக்காரரும் சிரித்தார். ஆமாம், சிரித்தார், பல் தெரியவே சிரித்தார். வேறென்ன செய்வார்? எதிரே உட்கார்ந்திருந்த மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்து அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏம்ப்பா சிரிச்சீங்க?"

"விடும்மா. அவருக்குத் தெரியாதில்ல?"

"அப்ப தெரியட்டும். நீங்களே சொல்லுங்க. கல்யாணத் தேதி பேசறதுக்குள்ள சொல்லணும். இல்லன்னா நான் சொல்லிடுவேன். தெரிஞ்சதுக்கு அப்புறமும் அந்த மனுஷன் உங்களப் பார்த்து இப்படிச் சிரிச்சார்னா, இந்தக் கல்யாணமே வேணாம். எங்கப்பாவ வச்சுக் கேலி பண்ற வீட்டுல போய் என்னால சோறு திங்க முடியாது."

"உனக்கு அவன புடிச்சிருக்கேடி" என்றாள் அம்மா.

"புடிச்சிருக்கு. அதனாலதான் சொல்றேன்."

இவள் சொன்னால் செய்கிறவள். கண்ணாடிக்காரருக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. சொன்னால் அவர் சிரித்துவிடுவார், மகள் வாழ்க்கை போச்சு. சொல்லாவிட்டால் மகள் சொல்லுவாள், அதற்கும் அவர் சிரிப்பார். எப்படிப் புரட்டிப் போட்டாலும் கடைசியில் அந்தச் சிரிப்பு வந்து நின்றது.

இந்த நேரத்தில்தான் ஏலக்காரர் போன் பண்ணினார். மனைவி எடுத்துக் கேட்டுச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளப்புக்கு வரச் சொல்றாருங்க. ஏதோ பந்து விளையாட்டாம். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு அப்பாவும் பழகணுமாம்."

அப்படித்தான் அவர் அந்த மாடிப்படி ஏறினார். அச்சகத்துக்கு மேலே நீளமான ஹால். ஜன்னலுக்குத் திரை, மூன்று மேசை, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் புள்ளிக் கணக்குக்காகக் கம்பியில் கோத்த மணிகள். கீழே அச்சு யந்திரம் ஓடுகிற நாளில் தரை லேசாக அதிருமாம். ஞாயிறு என்பதால் அமைதி. அந்த அமைதியைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்தது.

ஏலக்காரர் முக்கோணச் சட்டத்துக்குள் பதினைந்து பந்துகளை அடுக்கினார். "இது ரொம்ப சுலபமான ஆட்டம் சம்பந்தி. ஸ்ட்ரெய்ட் பூல்னு பேரு. எந்தப் பந்த வேணா எந்தக் குழியில வேணா போடலாம். விழுந்தா ஒரு புள்ளி. பதினாலு விழுந்ததும் கடைசிப் பந்த அப்படியே விட்டுட்டு, விழுந்ததையெல்லாம் மறுபடியும் அடுக்குவோம். அந்தக் கடைசிப் பந்தக் குழியில தள்ளற அடியிலயே ஸ்டிக்கால அடிக்கற வெள்ளப் பந்து போய் அடுக்கக் கலைக்கணும். அதுதான் இதுல அழகு."

கண்ணாடிக்காரர் தலையாட்டினார்.

"ஆனா ஒண்ணு. அடிக்கறதுக்கு முன்னாடி எந்தப் பந்து, எந்தக் குழின்னு வாய் விட்டுச் சொல்லணும். எங்க கிளப்புல கையக் காட்டறதெல்லாம் செல்லாது. சொல்லாம விழுந்தா எடுத்து மறுபடி மேசை மேல வச்சிடுவோம்."

கண்ணாடிக்காரர் பந்துகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனார். ஒம்பது வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை. அதற்குப் பிறகு பத்து. பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு. பதினாலு. பதினஞ்சு. ஒன்றுகூடத் தவறாமல் ஆறும் அந்த எழுத்து! தமிழில் எண்ணுக்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் கையில் கிடைத்தால் கண்ணாடிக்காரர் என்ன செய்திருப்பாரோ தெரியாது.

ஆட்டம் ஆரம்பித்தது. கண்ணாடி அறுக்கிற கைக்கு நேர்கோடு புதிது இல்லை. வைரமுனையை வைத்து ஒரே இழுப்பு இழுக்க வேண்டும், பாதியில் கை தயங்கினால் தகடு போயிற்று. அந்தப் பழக்கம் இங்கே உதவியது. முதல் நாள் ஸ்டிக் சறுக்கி வெள்ளைப் பந்து எகிறிக் குதித்தது, இரண்டு தடவை அதுவே குழிக்குள் விழுந்தது, எல்லாம் நடந்தது. ஆனால் இரண்டு மூன்று வாரத்திலேயே பந்தின் எந்த ஓரத்தைத் தொட்டால் எங்கே போகும் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது அந்த ஆறு பந்துகள்தான்.

பத்தாம் எண் பந்து குழியின் உதட்டில் நிற்கும். ஊதினால் விழுந்துவிடும். கண்ணாடிக்காரர் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்கோ மூலையில் இரண்டு பந்துக்கு இடையில் மாட்டிக்கொண்டிருக்கிற நாலாம் எண்ணைக் குறிவைப்பார். "நாலு, தூர மூலை." விழாது. வேறு வழியே இல்லாதபோது அவருக்கு ஒரு அடைக்கலம் கிடைத்தது. குழியில் போடப் போவதில்லை, எதிராளிக்கு வாய்ப்புக் கொடுக்காமல் பந்தை ஒளித்து வைக்கப் போகிறேன் என்றால் 'சேஃப்டி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். சேஃப்டி! என்ன அழகான சொல்! அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த ஆறில் ஒன்று எதிரே வந்தால் உடனே சேஃப்டி. வெள்ளைப் பந்தை ஒரு கூட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்.

ஏலக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. "கண்ணு முன்னாடி பத்தாம் நம்பர் தவங் கெடக்கு, அத விட்டுட்டு சேஃப்டியா? என்ன சம்பந்தி, எனக்குப் பொறி வைக்கறீங்களா?"

கண்ணாடிக்காரர் லேசாகச் சிரித்துவைத்தார்.

"ஆளு அமுக்கன்யா!" என்று ஏலக்காரர் பக்கத்து மேசைக்காரரிடம் கத்தினார். "வந்து நாலு வாரங்கூட ஆகல. வாயத் தொறக்காமலே என்னக் கட்டிப் போடறாரு. ஊமைக் குசும்பு இவருக்கு!"

கிளப் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. ஊமைக் குசும்பு. பயத்துக்கு இப்படி ஒரு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது. கண்ணாடிக்காரருக்கு அதில் பாதி வெட்கம், பாதி சுகம். ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தார் என்பதுதான் வேடிக்கை. அந்த மனுஷரை அவருக்குப் பிடித்துவிட்டது. ஒரு நல்ல அடி அடித்தால் எதிராளி என்றும் பார்க்காமல் 'சபாஷ்' என்று கூவுகிற மனுஷர். பிடித்துப்போனதால் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சொல்ல முயற்சி பண்ணாமலும் இல்லை. 'எனக்கு வாய் திக்கும்.' மூன்றே சொல். அதில் அந்த எழுத்தே முதலில் வராது, அழகாகச் சொல்லிவிடலாம். கடையில் வரிசையாகச் சாய்த்து வைத்த முகம் பார்க்கிற கண்ணாடிகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். அத்தனை கண்ணாடிக்காரர்களும் தடங்கலில்லாமல் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை படியிறங்கும்போது, "சம்பந்தி, ஒரு விஷயம்" என்று தொடங்கினார்.

"சொல்லுங்க சம்பந்தி."

"அடுத்த வாரம் நான் கொஞ்சம் சீக்கிரமே வரட்டுமா?"

அவ்வளவுதான் வந்தது. வீட்டில் மனைவி தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். "இன்னிக்கும் சொல்லலையா? கண்ணாடியக் கையில எடுத்தா ஆடாத மனுஷன், இதுக்கு மட்டும் இந்த ஆட்டம் ஆடறீங்களே. என்னதான் பயம் உங்களுக்கு?"

"சிரிச்சிடுவாரும்மா."

"சிரிச்சா?"

"நானும் சேர்ந்து சிரிச்சிடுவேன். அதான் எனக்கு அச்சம்."

அந்தம்மா சோற்றுப் பாத்திரத்தை எடுத்தாள். தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

தேதி பேசுகிற ஞாயிறும் வந்தது. ஏலக்காரர்தான் ஏற்பாடு. "எல்லாரும் கிளப்புக்கே வந்துடுங்க. அம்பது புள்ளிக்கு ஒரு ஆட்டம். முடிச்சுட்டுக் கீழ டீக்கடையில உக்காந்து தேதியப் பேசிடுவோம்." மனைவிமார் இருவரும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பையனும் மகளும் பக்கத்தில் நின்றார்கள். படியேறும்போதே மகள் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, "டீ வர்றதுக்குள்ளப்பா. இல்லன்னா நான்தான்" என்று சொல்லியிருந்தாள்.

கண்ணாடிக்காரர் அன்று ஆடியதுபோல எப்போதும் ஆடியதில்லை. ஆட்டத்தில் இருக்கிற வரை டீ வராது, டீ வராத வரை மகள் பேசமாட்டாள். உயிரைப் பிடித்துக்கொண்டு ஆடினார். மூணு விழுந்தது, ஏழு விழுந்தது, எட்டு இரண்டு பந்தைத் தட்டிக்கொண்டு போய் விழுந்தது. அந்த ஆறும் எதிரே வந்தபோதெல்லாம் சேஃப்டி. ஏலக்காரர் வெள்ளைப் பந்தைத் தேடித் தேடிச் சலித்துப்போனார், இருந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. தனக்கு இன்னும் இரண்டு புள்ளி போதும் என்கிற இடத்துக்கு வந்து, ஒரு லேசான அடியைத் தவறவிட்டார்.

கண்ணாடிக்காரர் அஞ்சாம் எண்ணைப் போட்டார். அவருக்கு இன்னும் பதினாலு புள்ளி வேண்டும். மேசையில் மிச்சம் ஒரே பந்து. மற்ற பதினாலையும் ஏலக்காரர் மறுபடி முக்கோணமாக அடுக்கிச் சட்டத்தை எடுத்தார். தனியாக நின்றதன் மேல் எழுதியிருந்த எண் பதினாலு. அடுக்குக்குப் பக்கவாட்டில், நேராகக் குழியைப் பார்த்து நிற்கிறது. அதைத் தள்ளினால் வெள்ளைப் பந்து தானாகவே அடுக்கின் மேல் போய் மோதும். நேற்றுக் கற்றுக்கொண்டவனும் போட்டுவிடுவான்.

'சேஃப்டி' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. அவர் தலையைத் தூக்கினார். மகள் பந்தைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் கைக்குள் இருந்த தன் கையை எடுத்துவிட்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வாரமும் அப்பா எந்தப் பந்தைத் தொட்டார், எதைத் தொடவில்லை என்பதை இவள் ஒரே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணாடிக்காரருக்கு முகம் சுட்டது. சே, என்ன மனுஷன் நான் என்று இருந்தது.

"ப..." என்றார்.

உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து முன்னால் போனது. கண் மூடிக்கொண்டது. "ப... ப... ப..."

அப்புறம் ஏலக்காரர் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு வெடித்துச் சிரித்தார்.

"அடடடா! சம்பந்தி! என் கதைய எனக்கே போட்டுக் காட்டறீங்களா! அச்சு அசலா அந்த பீரோ ஆளு மாதிரியே இருக்கு! பாருடி, கழுத்த நீட்டறதக்கூட விடல!" பையனின் அம்மாவும் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். பையன் சிரிக்கத் தொடங்கி, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

இதைவிட வசதியாக ஒரு கதவு யாருக்குத் திறக்கும், சொல்லுங்கள். ஒரு சிரிப்புச் சிரித்து, கண்ணைச் சிமிட்டி, 'சேஃப்டி' என்று சொன்னால் முடிந்தது கதை. ஊமைக் குசும்பனுக்கு இன்னொரு மெடல். ஓட்டலில் வந்த அதே சிரிப்பு அவர் வாய் ஓரம் வரைக்கும் வந்துவிட்டது. அது வருவதை அவரே உணர்ந்தார்.

"நடிக்கல சம்பந்தி" என்றார். "எனக்கு வாய் திக்கும். சின்ன வயசுலேருந்து."

பளிச்சென்று, ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. கண்ணாடிகளுக்கு முன்னால் அத்தனை தடவை சொல்லிப் பார்த்தது அல்லவா? ஏலக்காரர் அடுத்த சுற்றுச் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசை மேல் சாய்ந்தார்.

"திக்கும்னு எப்படித் திக்காம சொல்றாரு பாருங்க! ஐயோ, என்னால முடியல! எங்க சம்பந்தி இருந்தீங்க இத்தன நாளா!"

கண்ணாடிக்காரர் திகைத்து நின்றார். எத்தனையோ தடவை நினைத்துப் பயந்திருக்கிறார், ஆனால் சொல்லியும் நம்பமாட்டார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. மகள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். ஏலக்காரர் நம்புவதற்கு ஒரே வழிதான் இருந்தது.

குனிந்தார். இடதுகை விரல்களை மேசையில் ஊன்றினார். ஸ்டிக்கை வைத்தார். வாயைத் திறந்தார்.

"ப... ப... ப..."

சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. உதடு ஒட்டியது, பிரிந்தது, ஒட்டியது. கன்னம் துடித்தது. கண்ணை மட்டும் இந்தத் தடவை மூடவில்லை, ஏலக்காரரின் முகத்தின் மேலேயே வைத்திருந்தார். நடிப்பென்றால் எங்காவது முடித்துக்கொள்ள வேண்டுமே? இது முடியவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. மூச்சு தீர்ந்துபோய், எச்சில் தெறித்து, மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். பக்கத்து மேசையில் ஒருவர் சிரிப்பை நிறுத்தினார். அப்புறம் இன்னொருவர். பையனின் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏலக்காரரின் சிரிப்பு கடைசியாக நின்றது. வாய் மட்டும் சிரித்த நிலையிலேயே கொஞ்ச நேரம் திறந்திருந்தது.

"சம்பந்தி, விடுங்க சம்பந்தி" என்றார் ஏலக்காரர். குரல் உள்ளே போயிருந்தது. "கையக் காட்டுங்க, போதும். உங்களுக்கு வேணாம் அந்தச் சட்டம்."

கண்ணாடிக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். "ப... ப... பதி... ப... பதினாலு" என்றார். "வலது மூலை."

ஒரே இழுப்பு. பதினாலு விழுந்தது. வெள்ளைப் பந்து அடுக்கின் மேல் மோதிப் பந்துகள் மேசை முழுக்கச் சிதறின.

மூணாம் எண் பந்து நடுக் குழியின் வாசலில் வந்து நின்றது. சும்மா தொட்டால் போதும், சொல்வதும் சுலபம். அவர் அதைத் தாண்டிப் போனார். பத்தாம் எண்ணின் முன்னால் போய்க் குனிந்தார். யாரும் அசையவில்லை. அவர் மனைவி மட்டும் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். இதற்கு எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். பத்து வந்தது, விழுந்தது. பன்னெண்டு அதைவிட நேரம் எடுத்தது, அதுவும் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த ஹால் முழுக்க நின்று காத்திருந்தது. கண்ணாடிக்காரருக்குக் கோபம் கோபமாக வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த எழுத்தை இவ்வளவு சத்தமாக அவர் சொன்னதே இல்லை.

பதினொண்ணை அழகாகச் சொன்னார், அதாவது ரொம்ப நேரம் சொன்னார். பந்து குழியின் ஓரத்தில் இடித்துவிட்டு வெளியே நின்றுவிட்டது.

இப்போது ஏலக்காரர் முறை. அதே பதினொண்ணு, ஊதினால் விழுகிற தூரத்தில். அதைப் போட்டு, வாசலில் நிற்கிற மூணையும் போட்டால் ஆட்டம் அவருடையது. அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஸ்டிக்கைச் சரியாகக்கூடப் பிடிக்கவில்லை. பந்தைப் பார்த்தார், கண்ணாடிக்காரரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

பையனின் அம்மா மெதுவாக எழுந்து, "எல்லாரும் கீழ போயிடலாமே? டீ குடிச்சுக்கலாம்" என்றாள்.

"இருங்க அத்தை" என்றாள் மகள். இதுவரை ஏலக்காரரை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், "மாமா ஏதோ சொல்ல வர்றாரு" என்றாள்.

"சம்பந்தி, நான்..." என்றார் ஏலக்காரர். நின்றுவிட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அன்னிக்கு... அந்த ஆளு... நான்..." நாள் முழுக்கக் கூவி விற்கிற அந்தத் தொண்டையில் என்னவோ வந்து அடைத்துக்கொண்டது.

வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவனைப் பார்த்தால் நாமெல்லாரும் ஒரு காரியம் செய்வோம். மீதியை நாமே சொல்லி முடித்துவிடுவோம். உதவி என்று வேறு நினைத்துக்கொள்வோம். கண்ணாடிக்காரருக்கு அந்த மீதி நன்றாகத் தெரியும். 'விடுங்க சம்பந்தி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனுஷர் தப்பித்துக்கொள்வார்.

அவர் சொல்லவில்லை. ஸ்டிக்கின் முனைக்கு நீலச் சாக்பீஸைக்கூடத் தேய்க்காமல், வேறெங்கும் பார்க்காமல், எதிரே நின்ற முகத்தைப் பார்த்தபடி, கடைசி எழுத்து வரைக்கும் காத்திருந்தார்.